வேலந்தாவளம் ரோட்டுல யாரு சைடு குடுக்கறாங்க

போன செவ்வாக்கிழமை காலைல கேரளா, தமிழ்நாடு பார்டர்ல இருக்கற வேலந்தாவளம் செக்போஸ்ட்டுக்கு கொஞ்சம் முன்னாடி ஒரு லைன் பஸ் (ரூட்டுல ஓடற பிரைவேட் பஸ்ஸுக்கு இங்க அதான் பேரு) என்னைய ஓவர்டேக் பண்ணுச்சு, பண்ண கையோட அடுத்த ஸ்டாப்புல ஆளு நிக்கறாங்கன்னு அப்படியே லெஃப்ட்ல ஒடிச்சிட்டாரு. என் ஸ்கூட்டிக்கு போக எடமே இல்ல. ஓரத்துல மண்ணு, மண்ணுக்கு அந்தப் பக்கம் ஓடை. பிரேக் புடிச்சதுல பின் சக்கரம் சறுக்கி, ஒரு கால ஊனி எப்படியோ நின்னுட்டேன். எனக்குப் பின்னாடி கேரளாவுல காய்கறி எறக்கிட்டு காலியா திரும்பற லாரி ஒண்ணு வந்துட்டிருந்துச்சு. அவரு மட்டும் இடைவெளி விடாம ஒட்டி வந்திருந்தா இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். லாரியை நிறுத்தி, ஜன்னல்ல தலைய நீட்டி, "அடி ஒண்ணும் படலியே அம்மிணி, மெதுவா எந்திரி, நான் பின்னாடி நிக்கறேன்"னாரு. நான் வண்டிய ஸ்டார்ட் பண்ணி நகர்ற வரைக்கும் அந்த லாரி நடு ரோட்டுல எனக்கு மறைப்பா நின்னுச்சு, பின்னாடி இருந்து எத்தனை ஹாரன் அடிச்சும் அவரு நகரல.

கொழிஞ்சாம்பாறைல இருந்து வேலந்தாவளம், சாவடி, மதுக்கரை, கோயமுத்தூரு. ஆறு வருசமா வாரத்துல ஆறு நாளு எனக்கு இதே ரோடுதான். வீட்டுல பேசறது தமிழு, ரேசன் கார்டு கேரளா, வேலை தமிழ்நாடு. ரெண்டு ஸ்டேட் டிரைவருங்களையும் தினமும் பாக்கறேன். "கேரளாக்காரன் ஒழுங்கா ஓட்டுவான், தமிழ்நாட்டுக்காரன் கண்ணு மண்ணு தெரியாம போவான்"னு பாலக்காட்டுல சொல்றாங்க, கோயமுத்தூர்ல கேட்டா அப்படியே திருப்பிச் சொல்றாங்க. நான் பாத்த வரைக்கும் ரெண்டுமே இல்ல. வித்தியாசம் நம்பர் பிளேட்டுல இல்லீங்க, லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவுல இருக்குது.

எங்கப்பா லாரி டிரைவர். 24 வருசம் கொச்சி, சேலம், ஈரோடுன்னு ஓட்டுனவரு. அதனால லாரிக்காரங்க பக்கம் சாயறேன்னு நெனைக்கலாம், ஆனா ராத்திரில வாளையார் ரோட்டுல ஸ்கூட்டி ஓட்டிப் பாத்தவங்களுக்கு நான் சொல்றது புரியும். எதிர்ல வர்ற லாரி பெரும்பாலும் டிம் பண்ணிருவாங்க. நாம ஒரு தடவ டிம் அடிச்சா போதும், அந்தப் பக்கமும் வெளிச்சம் கீழ எறங்கிரும். டூரிஸ்ட் பஸ்ல முன்னாடி கூடுதலா மாட்டி வெச்சிருக்கற லைட்டு மூஞ்சில அடிச்சா கொஞ்ச நேரத்துக்கு ரோடே தெரியறதில்ல, அந்த நேரத்துல ஓரமா ஒரு கெழவர் நடந்து போனாலும் நமக்குத் தெரியாது. அப்பா சொல்லுவாரு, "எதிர்ல வர்றவனும் என்னைய மாதிரி தூக்கம் கெட்டு வர்றவன், அவன் கண்ண நான் ஏன் கெடுக்கணும்"னு.

அப்புறம் காத்து. இது பாலக்காட்டுக் கணவாய்ல இருக்கறவங்களுக்குத்தான் தெரியும். ஆனி ஆடில மலைக்கு நடுவுல அந்த சந்துல அடிக்கற காத்து ஸ்கூட்டிய அப்படியே ஓரத்துக்குத் தள்ளும், காலியா வர்ற கண்டெய்னரே ஆடும். அந்த நேரத்துல ஒரு பெரிய வண்டி நம்மள உரசற மாதிரி தாண்டுனா மொதல்ல வெளிய தள்ளி விடும், தாண்டி முடிக்கறப்ப உள்ள இழுக்கும், ரெண்டுக்கும் நடுவுல ஹேண்டில்பார் நம்ம கைல இருக்காது. டாரஸ் லாரி ஓட்டற நெறைய பேரு இது தெரிஞ்சு நல்லா வலது பக்கம் ஒதுங்கித்தான் தாண்டுவாங்க, எதிர்ல வண்டி வந்தா பின்னாடியே பொறுமையா வருவாங்க, ஹாரன் கூட அடிக்க மாட்டாங்க. நான் கண்ணாடில பாப்பேன், அந்த பெரிய மூஞ்சி அங்கயே நிக்கும். பயமா இருக்காது, தொணைக்கு ஆளு வர்ற மாதிரி இருக்கும்.

லாரிக்காரங்க வலது லேன விட்டு நகர மாட்டேங்கறாங்கன்னு கார் வெச்சிருக்கறவங்க திட்டறது எனக்குத் தெரியும், அது தப்புதான், நானும் திட்டிருக்கேன். ஆனா ஒரு 10 வீல் வண்டி லோடோட 28.5 டன் வரைக்கும் போகலாம், 2018ல தான் 25ல இருந்து அவ்வளவுக்கு ஏத்துனாங்க. அந்த எடையோட மேட்டுல ஒரு தடவ வேகம் கொறஞ்சா மறுபடி கியர் கியரா எடுத்து வர ரொம்ப நேரம் ஆகும், அதனால லெஃப்ட்ல ஒரு ஆட்டோ மெதுவா போச்சுன்னா அவரு ரைட்லயே ஏறி நிப்பாரு.

அதே 2018ல தான் நேஷனல் பெர்மிட் வண்டிக்கு ரெண்டு டிரைவர் கட்டாயம்கறதயும் எடுத்துட்டாங்க. இப்ப நெறைய லாரில கிளீனர் கூட இல்ல. கிளீனர்னா டயர் தட்டிப் பாக்கற பையன்னு மட்டும் நெனைக்காதீங்க. லாரிக்கு இடது கண்ணே அவருதான். "லெஃப்ட்ல பைக் வருதுண்ணா"ன்னு சொல்றதுக்கு ஒரு ஆளு இருந்தவரைக்கும் எங்கள மாதிரி ரெண்டு சக்கரத்துல போறவங்களுக்கு அது பெரிய பாதுகாப்பு. இப்ப அந்த சீட்டு காலி. ராத்திரி ரெண்டு மணிக்கு பேச்சுக் குடுத்து டிரைவர முழிச்சிருக்க வெக்கவும் ஆளு இல்ல. 2020 பிப்ரவரில அவினாசி பக்கத்துல கண்டெய்னர் லாரி நடு மீடியன தாண்டிப் போய் பெங்களூர்ல இருந்து எர்ணாகுளம் வந்த கேரளா அரசு கெஎஸ்ஆர்டிசி பஸ்ல மோதி 19 பேரு செத்துப் போனாங்களே, டிரைவர் கண் அசந்துட்டாருன்னுதான் விசாரணைல சொன்னாங்க. அந்த பஸ் டிரைவரும் கண்டக்டரும் யாருன்னு படிச்சப்ப நான் அழுதுட்டேன். 2018ல ஓசூர் பக்கத்துல ஒரு பயணிக்கு ஃபிட்ஸ் வந்தப்ப பஸ்ஸயே திருப்பி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போன அதே ரெண்டு பேரு. அதனால பஸ்காரங்க எல்லாரும் மோசம்னு நான் சொல்லவே மாட்டேன்.

சொல்ல முடியாததுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. ஒரு நாளு அம்மா பாலக்காட்டுல ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு ராத்திரி ஒன்பதரை மணிக்கு ஆனவண்டில வந்தாங்க, இங்க கெஎஸ்ஆர்டிசிக்கு அதான் பேரு. ஸ்டாப்புல எறங்கி இருட்டுல நடக்கணுமேன்னு கண்டக்டர்கிட்ட சொல்லியிருக்காங்க. எங்க வீட்டு வழி பிரியற எடத்துலயே நிறுத்தி, அம்மா ரோட்ட தாண்டி தெருவுக்குள்ள திரும்பற வரைக்கும் ஹெட்லைட்ட போட்டுட்டு அப்படியே நின்னாரு அந்த டிரைவர். நான் வாசல்ல நின்னு பாத்தேன், அம்மாவோட நெழலு எங்க வீட்டு செவுரு வரைக்கும் நீளமா வந்துச்சு. அப்புறந்தான் டபுள் பெல் அடிச்சு வண்டி கெளம்புச்சு.

அப்ப காலைல என்னைய ஓடைல தள்ளப் பாத்தவரும் பஸ் டிரைவர்தானே, ஏன் இப்படின்னு யோசிச்சிட்டே இருந்தேன். வியாழக்கிழமை சாயந்தரம் ஸ்டாண்டுல அதே பஸ் நின்னுச்சு, போய் கேட்டுட்டேன். சண்டை போடத்தான் போனேன். அவரு மறுக்கல. "தப்புதான்மா, கண்ணாடில பாத்தேன், ஆனா பின்னாடி வண்டிக்கும் எனக்கும் நாலு நிமிசம்தான். அந்த ஸ்டாப்ப நான் எடுக்கலன்னா அவன் எடுத்துருவான். சாயந்தரம் கலெக்ஷன் கொறஞ்சா எனக்கும் கண்டக்டருக்கும் பேட்டா கொறையும்"னாரு. கதவுகிட்ட நிக்கற கிளி (டோர் பாக்கற ஆளுக்கு இங்க அதான் பேரு), அந்தப் பையனுக்கு இருவது வயசு கூட இருக்காது, "சேச்சி, லேட்டானா அந்த ஸ்டாண்டுல பின்னாடி வண்டிக்காரங்க அடிக்கவே வருவாங்க"ன்னான். காலைல அஞ்சரைக்கு சீட்டுல உக்காந்தா ராத்திரி எட்டரை வரைக்கும் அவருதானாம், மத்தியானம் சாப்பிட இருவது நிமிசம்.

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961லயே வந்தாச்சு. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48, அஞ்சு மணி நேரம் ஓட்டுனா அரை மணி ஓய்வுன்னு அதுல இருந்துச்சு. 2025 நவம்பர்ல அதுக்கு பதிலா புது தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்துருச்சு. எழுதி அறுபது வருசத்துக்கு மேல ஆச்சு, இந்த டிரைவருக்கு அப்படி ஒண்ணு இருந்ததே தெரியல.

அன்னைக்கு இருந்து எனக்கு ரோட்டுல எல்லாமே வேற மாதிரி தெரியுது. எம் சாண்ட் அடிக்கற டிப்பர் ஏன் அப்படிப் பறக்குது? ட்ரிப் கணக்கு. எங்க பாலக்காடு ஜில்லா சித்தூர் தோப்புல கள்ளு எறக்கி விடிகாலைல மத்த ஜில்லாவுக்குக் கொண்டு போற பிக்கப்பு ஏன் எவனையும் மதிக்காம போகுது? கள்ளு புளிக்கறதுக்குள்ள ஷாப்புக்குப் போய் சேரணும். அந்த காய்கறி லாரிக்காரரு அன்னைக்கு லோட எறக்கிட்டாரு, காலி வண்டி, அவசரம் இல்ல, அதனால எனக்காக ரெண்டு நிமிசம் நிக்க முடிஞ்சுது. அதே ஆளு மொத நாள் ராத்திரி தக்காளி ஏத்திட்டு மார்க்கெட்டுக்குப் போறப்ப எப்படி ஓட்டியிருப்பாருன்னு எனக்குத் தெரியாது. அப்பாகிட்ட கேட்டேன், கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "லோடோட போறப்ப நானும் சில பேர ஓரங்கட்டியிருக்கேன்"னாரு. அவரு அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்ல.

பஸ்ஸுல உக்காந்திருக்கற நாமளும் சும்மா இல்ல. முன்னாடி வண்டிய நம்ம வண்டி தாண்டுனா நமக்கு சந்தோசம், கொஞ்சம் உருட்டுனா "என்னண்ணா மாட்டு வண்டியா"ன்னு கேக்கறோம். 2022 அக்டோபர்ல வடக்கஞ்சேரில, எங்க ஜில்லாவுலயே, ஊட்டிக்கு டூர் போன ஸ்கூல் பசங்க பஸ் அசுர வேகத்துல போய் முன்னாடி போன கெஎஸ்ஆர்டிசி பஸ்ல மோதி 9 பேரு போனாங்க. அதுக்கப்புறம் டூரிஸ்ட் பஸ்ஸுக்கெல்லாம் வெள்ளை பெயிண்ட் அடிக்க வெச்சாங்க, கலர் லைட்ட கழட்டுனாங்க. நல்லதுதான். ஆனா டிரைவர் எத்தனை மணி நேரமா முழிச்சிருக்காருன்னு பெயிண்ட்டுல தெரியாதே.

லைன் பஸ்ஸுக்கு டைம் போட்டுக் குடுக்கறது ஆர்டிஓ ஆபீஸ்தான். எங்க ரூட்டுக்கு இப்ப இருக்கற டைமு ரோட்டோரத்துல இத்தனை கடை, இத்தனை பைக்கு, ரெண்டு பக்கமும் ஸ்கூல் வேனு இதெல்லாம் இல்லாத காலத்துல போட்டது. ஒரு நடைக்கு ஏழு நிமிசம் கூடக் குடுங்க, ரெண்டு வண்டிக்கு நடுவுல பத்து நிமிசமாவது விடுங்கன்னு மனு எழுதி வெச்சிருக்கேன், மலையாளத்துல ஒண்ணு, தமிழ்ல ஒண்ணு. பாலக்காட்டுக்கு திங்கக்கிழமை போறேன். இதுவரைக்கும் 63 பேரு கையெழுத்து போட்டிருக்காங்க, அந்த டிரைவர் அண்ணனும் கிளிப் பையனும் போட்டாச்சு. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் இருக்கறவங்க ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லுங்க, வீட்டுக்கே வந்து வாங்கிக்கறேன்.