தங்கச்சியின் தொண்டையில் கிடைத்த விடை

டி.எம்.எல்.டி. என்ற லேப் டெக்னீஷியன் டிப்ளமோ முடித்து, ஒரு மருத்துவமனையின் நுண்ணுயிரியல் லேபில் சேர்ந்த மூன்றாவது மாதம் அது. தொண்டையைப் புண்ணாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் (சுருக்கமாக ஸ்ட்ரெப்) என்ற பாக்டீரியாவை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்திருந்தேன். கையால் செய்து, ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டது அந்த வாரம்தான். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கும், தொண்டை ஸ்வாபுக்கு (பஞ்சுக் குச்சியால் தொண்டையை உரசி எடுக்கும் சோதனைக்கு) எதற்கு இரண்டு நாள் என்று கேட்கிற பெற்றோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஒன்பது வயதுப் பையன். காய்ச்சலோடு வலது முட்டி வீங்கி, மூன்றாம் நாள் அது வடிந்து, வலி இடது கணுக்காலுக்குப் போயிருந்தது. அம்மா தூக்கிக்கொண்டுதான் வந்தார். "மூணு வாரம் முந்தி தொண்டை வலின்னான். மெடிக்கல்ல மாத்திரை வாங்கிக் குடுத்தோம், ரெண்டு நாள்ல சரியாயிருச்சு" என்றார். டாக்டருக்கு ருமாட்டிக் காய்ச்சல் என்று சந்தேகம். ஸ்ட்ரெப் தொண்டை வலிக்குச் சில வாரம் கழித்து மூட்டையும் இதயத்தையும் தாக்குகிற நோய் அது. இதயத்துக்கு எக்கோ, ரத்தத்தில் ஏ.எஸ்.ஓ. (ஸ்ட்ரெப்புக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருளின் அளவு), தொண்டையில் ஸ்வாப் எழுதினார்.

ஸ்வாப் எடுத்தது நான். பையன் குமட்டிக்கொண்டு தலையைத் திருப்ப, பஞ்சு நாக்கில் பட்டுவிட்டது. பரவாயில்லை என்று தட்டில் போட்டேன். மறுநாள் ப்ளட் அகார் (கிருமி வளர்க்க ரத்தம் கலந்து செய்த ஜெல்லித் தட்டு) முழுக்கப் பச்சை படர்ந்திருந்தது. வாயில் எப்போதும் குடியிருக்கும் விரிடான்ஸ் வகைக் கிருமிகள். சீனியர் அக்கா தட்டைப் பார்த்ததுமே கேட்டார்: "நாக்கைத் தொட்டியா?" அத்தோடு அந்தத் தட்டு, ரத்த வங்கியில் காலாவதியான பையிலிருந்து மனித ரத்தம் ஊற்றிச் செய்தது. அந்த ரத்தத்தில் எதிர்ப்பொருளோ ஆன்டிபயாடிக்கோ இருந்தால் கிருமி சரியாக வளராது, ஹீமோலைசிஸும் (கிருமி சிவப்பணுக்களை உடைப்பதும்) தெளிவாகத் தெரியாது. செலவு பார்த்து இப்படிச் செய்கிற லேபுகள் இருக்கின்றன. அது தப்பு என்று அன்றைக்கு நேரில் பார்த்தேன்.

ஆட்டு ரத்தத் தட்டு வரவழைத்து, அக்கா பக்கத்தில் நிற்க மறுபடி எடுத்தேன். நாக்கை அழுத்தி, டார்ச் அடித்து, இரண்டு டான்சிலிலும் பின்சுவரிலும் நன்றாக உரசி, எதிலும் படாமல் வெளியே. இரண்டு நாள் கழித்தும் அவன் தட்டில் ஸ்ட்ரெப் இல்லை. மறுபடியும் நான்தான் கெடுத்துவிட்டேன் என்று கலங்கிப்போனேன். அக்கா உட்காரவைத்துச் சொன்னார்: மூட்டு வீங்குகிற நேரத்தில் பெரும்பாலான பிள்ளைகளின் தொண்டையில் கிருமி இருக்காது. அது வந்து போய்விட்டது. அதை எதிர்க்கக் கிளம்பிய உடம்புதான் இப்போது மூட்டையும் இதயத்தையும் தாக்குகிறது. அதனால்தான் ஏ.எஸ்.ஓ. அவனுக்கு 400. லேபில் 200க்கு மேலே போனாலே கவனிப்போம்.

இதற்கிடையில், அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு ஆறு வயதுத் தங்கச்சி நின்றதை அக்காதான் கவனித்தார். எச்சிலை விழுங்க முடியாமல் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தாள். நேற்றிலிருந்து காய்ச்சல். இருமல் இல்லை, மூக்கு ஒழுகவில்லை. டாக்டர் பார்த்தபோது டான்சில் சிவந்து, வெள்ளைப் புள்ளிகளாகச் சீழ். கழுத்து நெரிகட்டி, தொட்டாலே வலி. தொண்டை வலியில் பெரும்பாலானது வைரஸ்தான். ஆனால் இந்த அறிகுறிகள் சேர்ந்தால் ஸ்ட்ரெப் பார்த்தே ஆக வேண்டும்.

அவள் ஸ்வாபை ஆட்டு ரத்தத் தட்டில் கோடிழுத்து, கேண்டில் ஜாரில் மெழுகுவர்த்தி ஏற்றி மூடி, 37 டிகிரியில் வைத்தோம். மறுநாள் காலை ட்யூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தேன். குண்டூசி முனை அளவுக்குச் சாம்பல் நிறப் புள்ளிகள். ஒவ்வொன்றையும் சுற்றி, ரத்தத்தை யாரோ கழுவி எடுத்ததுபோல் அகலமான வட்டம். அடியில் விரலை வைத்தால் ரேகை தெரிந்தது. சிவப்பணுக்களை முழுசாக உடைக்கிற பீட்டா ஹீமோலைசிஸ்.

"எழுதிறலாமாக்கா?" என்றேன். "ஸ்டாஃபும் ரத்தத்தை உடைக்கும். கேட்டலேஸ் போடு" என்றார். ஸ்டாஃபைலோகாக்கஸ் என்ற வேறு கிருமியைத்தான் சொன்னார்; அது ஹைட்ரஜன் பெராக்சைடில் பட்டால் நுரைக்கும், ஸ்ட்ரெப் நுரைக்காது. குச்சி முனையில் காலனியை மட்டும் எடுக்க வேண்டும். அகாரைச் சுரண்டினால் சிவப்பணுவே ஹைட்ரஜன் பெராக்சைடில் நுரைத்து ஏமாற்றிவிடும். துளி அசையவில்லை, ஒரு குமிழி இல்லை. கிராம் ஸ்டெயின் என்ற சாயம் ஏற்றிப் பார்த்தால் ஊதா மணிகள், இருபது முப்பதாகக் கோத்த மாலைகள். ஸ்ட்ரெப்டோஸ் என்றால் கிரேக்கத்தில் முறுக்கியது என்று பொருளாம். மைக்ராஸ்கோப்பை விட்டு எழ மனமில்லை.

அடுத்து எந்தப் பிரிவு என்பது. ரெபெக்கா லான்ஸ்ஃபீல்ட் 1933-இல், கிருமியின் செல்சுவரில் உள்ள கார்போஹைட்ரேட்டை வைத்து ஏ, பி, சி என்று பிரித்துக் கொடுத்த முறையைத்தான் இன்றும் பின்பற்றுகிறோம். பிறந்த குழந்தைக்கு ரத்தத்திலும் மூளை உறையிலும் தொற்று உண்டாக்குகிற பி பிரிவும் பீட்டாதான், அதன் வட்டம் மட்டும் ஒடுக்கமாக இருக்கும். தனியாக வளர்த்தெடுத்த காலனியில் 0.04 யூனிட் பேசிட்ராசின் என்ற ஆன்டிபயாடிக் டிஸ்க் வைத்தோம். சுற்றிலும் வளர்ச்சி நின்றது, ஏ பிரிவின் அடையாளம் அது. சி, ஜி பிரிவுகளிலும் சில அப்படி நிற்கும் என்பதால் லேடெக்ஸும் போட்டோம்; ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு துளி, பொருந்துகிற துளி மட்டும் கட்டிதட்டும். ஏ துளி மட்டும், அட்டையை ஆட்ட ஆட்ட, திரிந்த பால் மாதிரி கட்டியது. ஏ பிரிவு ஸ்ட்ரெப், அதாவது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பையோஜினிஸ். கையெழுத்துப் போட்டேன்.

தொண்டை வலி தொடங்கி ஒன்பது நாளுக்குள் மருந்து ஆரம்பித்தால் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுத்துவிடலாம். ஆகவே ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கும் இரண்டு நாளில் எதுவும் கைமீறிப் போவதில்லை. காசு கொடுத்து வாங்கும் இரண்டு நாள் மாத்திரைதான் ஆபத்து. இந்தக் கிருமிக்குப் பென்சிலின் இன்றும் கேட்கும். ஆனால் வலி போனாலும் பத்து நாள் முழுசாகச் சாப்பிட வேண்டும். அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் பையனைப் பார்த்து அழுதார். அந்த அழுகையை நினைத்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பையனுக்கு இரண்டு வாரம் கழித்து ஏ.எஸ்.ஓ. 800. எக்கோவில் மைட்ரல் வால்வில் லேசான கசிவு. 21 நாளைக்கு ஒருமுறை பென்சாத்தின் பென்சிலின் ஊசி, பல வருஷத்துக்கு. ஊசிக்கு வரும் நாளில் நடந்தே வருகிறான். தங்கச்சி மருந்தை முடித்த மறுவாரம் சிறுநீர் கொண்டுவரச் சொன்னார்கள். இந்தத் தொற்றுக்குப் பிறகு சிறுநீரகம் வீங்குவதும் உண்டு. நான்தான் பார்த்தேன். ரத்தம் இல்லை, புரதம் இல்லை.