கன்னியாக் கிணறும் இரண்டு கைகளும்

கடந்த கிழமை மகளுடன் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போயிருந்தேன். வழியெல்லாம் குளிர்ந்த தண்ணீர்ப் போத்தலை ஒரு கையில் பிடித்தபடி வந்தவள், வாளியில் அள்ளிய நீருக்குள் இரு கைகளையும் ஒன்றாக விட்டுப் பார்த்து, “அப்பா, இந்தக் கைக்கு நல்லாச் சுடுது, மற்றக் கைக்கு அவ்வளவாச் சுடேல்ல, எது சரி?” என்று கேட்டாள். இரண்டு உணர்வுகளும் மெய்யே, ஆனால் நீரின் வெப்பநிலை ஒன்றுதான் என்றேன். திருகோணமலைக்குத் திரும்பும் வழியில் அந்த விடை எனக்கே போதவில்லை; ஏனெனில் காண்பவரின் மனமே காணப்படும் உலகை ஆக்குகிறது என்று குவாண்டம் பௌதிகவியல் நிறுவிவிட்டதாக மாணவப் பருவத்தில் நானும் நெடுநாள் நம்பியிருந்தேன்.

அந்த நம்பிக்கைக்கு இடங்கொடுத்தது, இரண்டு நுண்ணிய பிளவுகள் உள்ள தடுப்பினூடே துகள்களைத் திரைக்கு அனுப்பும் இரட்டைப் பிளவுப் பரிசோதனை. இலத்திரன்களை ஒவ்வொன்றாக அனுப்பினாலும், திரையில் விழும் புள்ளிகள் சேர்ந்து அலைகளுக்குரிய தலையீட்டுக் கோலத்தை, அதாவது மாறிமாறி வரும் பட்டைகளை, வரைகின்றன. எந்தப் பிளவால் சென்றது என்று அறிய வழிசெய்தால் கோலம் அழிகிறது. 1961இல் பௌதிகவியலாளர் யூஜின் விக்னர் அளவீட்டை முடித்துவைப்பது காண்பவரின் உணர்வே (பிரக்ஞையே) என்று வாதிட்டார். பின்னாளில் அவரே அதனைக் கைவிட்டார்.

என் எண்ணத்தை மாற்றியது வியன்னாவில் பௌதிகவியலாளர் அன்டன் சைலிங்கர் குழுவினர் செய்து 2004இல் வெளியிட்ட பரிசோதனையாகும். எழுபது காபன் அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளை அவர்கள் லேசர் ஒளியால் சூடாக்கிப் பிளவுகளினூடே அனுப்பினார்கள். சூடு ஏற ஏறத் தலையீட்டுக் கோலம் மங்கி மறைந்தது. சூடான மூலக்கூறு தானாகவே ஒளியை உமிழ்கிறது, அந்த ஒளி மூலக்கூறு எவ்வழி சென்றது என்பதன் சுவட்டைச் சூழலில் பதித்துவிடுகிறது. அச்சுவட்டை எவரும் வாசிக்கவில்லை. வாசிக்காமலே கோலம் அழிந்தது.

‘அவதானிப்பு’ என்ற நம் சொல்லே இங்கே வழிதவறச் செய்கிறது என்று நினைக்கிறேன். அவதானம் என்றதும், ஒரே வேளையில் எட்டுக் காரியங்களில் மனத்தை நிறுத்தும் அட்டாவதானி நினைவுக்கு வருகிறார். பௌதிகவியலார் குறிப்பதோ சுவடு பதிதலை மட்டுமே.

கோணேசர் கோயில் மணியோசையில் வளர்ந்த எனக்கு இது புதிதாகவும் படவில்லை. மெய்கண்டாரின் சிவஞானபோதத்தைப் பின்பற்றும் சைவ சித்தாந்தம் உலகை உள்பொருள் என்றே கொள்கிறது. அதனைக் காணும் உயிரைத்தான் சார்ந்ததன் வண்ணமாவது, அதாவது எதைச் சார்கிறதோ அதன் இயல்பைப் பெறுவது, என்கிறது. குளிரைச் சார்ந்திருந்த கைக்கு வெந்நீர் கூடுதலாகச் சுட்டதும் அப்படித்தான்.

எனினும் சுவடு பதிதல் எல்லாவற்றையும் விளக்கிவிடவில்லை. நிகழக்கூடிய பல விளைவுகளுள் ஏன் ஒன்று மட்டும் நம் அனுபவத்துக்கு வருகிறது என்பதில் அறிஞர்கள் இன்றும் உடன்படவில்லை. அந்த இடத்தில் உணர்வைப் பற்றிக் கேட்பதற்கு நியாயம் உண்டு என்றே கருதுகிறேன். அடுத்த முறை வெப்பமானியுடன் போவோம் என்று மகளிடம் சொன்னேன். “அதை வாசிக்கிறதும் எங்கட கண்தானே அப்பா” என்றாள். இன்னும் அவளுக்கு மறுமொழி சொல்லவில்லை.