மல்டிடூலுக்குள் ஒரு முள்வாங்கி

ஜனவரி 18

நேற்று பூப்பறிக்கிற நோம்பி. அவிநாசி பக்கம் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) ஊரில் எல்லோரும் ஆவாரம்பூ பறிக்கக் காட்டுக்குப் போனோம். அக்கா பையன் செருப்பைக் கழற்றி வீசிவிட்டு ஓடினான், வேலியோரம் சீமைக்கருவேல முள் குதிகாலில் ஏறி உள்ளேயே முறிந்துவிட்டது. என் இடுப்பில் மல்டிடூல் இருந்தது, பதினான்கு வேலை செய்யும் என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்து விற்ற கருவி. பிளையர் மூக்கு ரொம்பத் தடிமன், முள்ளின் தலையை விட்டுவிட்டுத் தோலைக் கிள்ளியது. சரி, கத்தி முனையால் கிளறலாம் என்று பார்த்தால் பையன் போட்ட சத்தத்தில் எனக்கே கை நடுங்கியது.

அம்மிச்சி வந்து சுருக்குப்பையிலிருந்து ஒரு இரும்பு வளையத்தை எடுத்தார். முள்வாங்கி, ஊசி, காது அழுக்கெடுக்கும் குறும்பிவாங்கி, மூன்றும் அதில் கோர்த்துக் கிடந்தன. "காலக் குடு சாமி, ஒண்ணும் ஆவாது" என்று மடியில் வைத்துக்கொண்டு, ஊசியால் மேல்தோலை மட்டும் லேசாகக் கீறி, முள் ஏறின வாக்கிலேயே பிடித்து இழுத்துவிட்டார். அரை நிமிடம்தான்.

ராத்திரி முழுக்க அந்த வளையமே மனதில் ஓடியது. எந்தக் காலத்திலோ ஊர்க் கொல்லர் அடித்துக் கொடுத்தது. காட்டில் நடக்கிறவனுக்கு எது வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஜனவரி 21

மல்டிடூலைப் பிரிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு அலகையும் கடந்த இரண்டு வருடத்தில் எதற்கு எடுத்தேன் என்று யோசித்து எழுதினேன். பிளையர், கத்தி, சின்ன ரம்பம் மூன்றும் அடிக்கடி. பாட்டில் ஓப்பனரும் டின் திறப்பானும் ஒரு தடவைகூட இல்லை. ஸ்குரூடிரைவர் மூன்று இருக்கிறது, ஒன்று போதும்.

டிம் லெதர்மேன் என்கிற அமெரிக்கர் 1975இல் மனைவியோடு பழைய ஃபியட் காரில் ஐரோப்பா சுற்றப் போனார், கார் அடிக்கடி தகராறு செய்ய, பையில் இருந்த சாரணர் கத்தியில் ஒரு பிளையரும் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஏங்கி, ஊர் திரும்பி வருடக்கணக்கில் உழைத்து, 1983இல்தான் தன் முதல் மல்டிடூலை விற்றார். அவருக்கு வழியில் மறித்தது கார். எங்கள் பக்கம் மறிப்பது முள்.

ஜனவரி 27

கோவை கணபதியில் எனக்குப் பழக்கமான லேத் பட்டறை. பம்புசெட் ஷாஃப்ட்தான் அங்கே முழுநேர வேலை, சாயங்காலம் மெஷின் ஓய்ந்த பிறகு ஒரு மணி நேரம் எனக்கு விடுவார் அண்ணன். என் கருவியில் எல்லாமே ரிவிட், கழற்றுகிற மாதிரி செய்யவே இல்லை. ரிவிட் தலையைத் துளைத்து எடுத்துவிட்டு அந்த இடத்துக்கு நான்கு மில்லி துருப்பிடிக்காத எஃகில் போல்ட் கடைந்தோம். இனி எந்த அலகு வேண்டுமானாலும் மாட்டலாம், கழற்றலாம். மொத்த வேலையிலும் முக்கியமானது என்று இதைத்தான் சொல்வேன்.

"ஏனுங்க தம்பி, முள்வாங்கி பத்து ரூவாய்க்குக் கிடைக்குமே, இதுக்கு எதுக்குங்க இத்தனை பாடு?" என்றார். கிடைக்கும்ங்கண்ணா, ஆனால் வேண்டிய நேரத்தில் அது வீட்டில்தான் இருக்கும் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் அவராகவே போய்ப் பழைய பில்லர் கேஜ் ஒன்றை, இடுக்கு அளக்கிற மெல்லிய எஃகு இலைகள் கோர்த்த சாமான் அது, தேடிக்கொண்டு வந்து கொடுத்தார். நான் ஹேக்சா பிளேடை அறுத்துச் செய்யலாம் என்று இருந்தேன். பில்லர் கேஜ் இலை ஸ்பிரிங் எஃகு, வளைத்தால் திரும்பி நிமிரும்.

பிப்ரவரி 3

முதல் முயற்சி வீண். அரை மில்லி இலை இரண்டை எடுத்து முனையைக் கிரைண்டரில் கூராக்கும்போது அவசரப்பட்டுவிட்டேன். எஃகு சூடேறும்போது முதலில் வைக்கோல் நிறம், அப்புறம் ஊதா, அப்புறம் நீலம். நீலம் என்றால் கிட்டத்தட்ட 300 டிகிரி. அதையும் தாண்டிச் சாம்பல் நிறத்துக்குப் போய்விட்டது, ஸ்பிரிங் குணம் செத்து, வளைத்தால் வளைந்தபடியே நின்றது. இரண்டு இலையும் குப்பைக்கு.

பிப்ரவரி 4

இன்று கிரைண்டர் பக்கத்தில் வாளித் தண்ணீரை வைத்துக்கொண்டு, ஒரு தொடல் உடனே தண்ணீர், இன்னொரு தொடல் மறுபடி தண்ணீர், இப்படியே முக்கால்வாசி. கடைசி வேலை அரத்திலும் உப்புத்தாளிலும். போல்ட்டுக்கு ஓட்டை போட இலையை இரண்டு பித்தளைத் தகட்டுக்கு நடுவில் வைத்து வைஸில் இறுக்கி கார்பைடு டிரில் போட்டோம், சாதா டிரில் இந்த எஃகில் வழுக்கிக்கொண்டு போகிறது.

இலைகளை லேசாக வெளிப்பக்கம் வளைத்து, அடியில் பித்தளைத் துண்டு கொடுத்துச் சேர்த்தாயிற்று. டின் திறப்பானும் பாட்டில் ஓப்பனரும் இருந்த இடத்தில் சரியாக உட்கார்ந்துகொண்டது. மடித்தால் பக்கத்து அலகுகள் அழுத்தி வாயை மூடி வைத்துக்கொள்கின்றன, அந்த இறுக்கத்திலேயே ஆடாமல் நிற்கிறது, வெளியே இழுத்தால் தானாகத் திறக்கிறது. இப்படி அமையும் என்று நான் திட்டம் போடவில்லை, பார்த்ததும் அவ்வளவு சந்தோஷம்.

அடுத்தது இரண்டு முனையும் இடைவெளி இல்லாமல் பொருந்தச் செய்வது. உப்புத்தாளை இரண்டாக மடித்து, இரண்டு முனைக்கும் நடுவில் கொடுத்து, மூடிப் பிடித்தபடி உருவ வேண்டும். இருபது முப்பது தடவை உருவிவிட்டு டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன், முனையில் வெளிச்சம் கசியவில்லை. கை மயிர் ஒன்றைப் பிடித்து இழுத்தேன், வேரோடு வந்தது.

பிப்ரவரி 11

இதைக் காட்டியதும் சேக்காளிகள் ஆளுக்கொரு யோசனை. ஒருவன் தீப்பொறிக் கம்பி வைக்கச் சொன்னான். உரசினால் 3000 டிகிரி அளவுக்குப் பொறி பறக்கிற சாமான் அது, குளிர் தேசத்தில் உயிர் காக்கும். நான் மலையேறுவது மாசி பங்குனியில், சருகெல்லாம் காய்ந்து கிடக்கிற நேரம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன இடத்தில் எத்தனை பேரை இழந்தோம். தீ மூட்டுகிற எதுவும் என் கருவியில் இருக்காது.

இன்னொருவன் பாம்புக்கடிக்குக் கீறிவிட ஒரு சின்ன பிளேடு வேண்டும் என்றான். இதை யார் சொன்னாலும் நான் மறுத்துப் பேசாமல் விடுவதில்லை. கடிவாயைக் கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது. கடிபட்ட காலை அசைக்காமல் ஆளைத் தூக்கிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு ஊசிதான். 108க்குக் கூப்பிடும் போன்தான் அந்த நேரத்துக் கருவி.

பிப்ரவரி 25

கழற்றி வைத்த டின் திறப்பானைத் தேய்த்து முக்கோண ஊசியாக்கி, அதிகப்படி ஸ்குரூடிரைவர் இருந்த இடத்தில் மாட்டினேன். இரண்டு மில்லிக் கண் ஒன்று போட்டதில் பை வார், செருப்பு வார் தைக்கலாம். கண்ணின் விளிம்பை மழுக்காமல் விட்டதில் முதல் நூல் அறுந்தது. மழுக்கியதும் சரியாகிவிட்டது.

மார்ச் 10

வெள்ளியங்கிரி போய் வந்தேன். கத்தியையும் ரம்பத்தையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டேன், சாமி மலைக்கு அவை எதற்கு. அடிவாரப் பூண்டியில் ராத்திரி பத்து மணிக்கு ஏற ஆரம்பித்தோம். பாம்பாட்டிச் சுனை பக்கத்தில் ஒரு பெரியவர் படியில் உட்கார்ந்துவிட்டார், ஊன்றிவந்த மூங்கில் தடியிலிருந்து சிலாம்பு உள்ளங்கையில் நன்றாக ஏறியிருந்தது. "பாத்துப் புடுங்குப்பா" என்று கையை நீட்டினார். நெற்றி விளக்கு வெளிச்சத்தில் அம்மிச்சி செய்த மாதிரியே ஊசியால் மேல்தோலை விலக்கி, ஏறின வாக்கிலேயே இழுத்தேன். முழுசாக வந்தது. அவர் விபூதிப் பையைத் திறந்து எனக்கு நெற்றியில் பூசிவிட்டு, தடியை மறு கைக்கு மாற்றிக்கொண்டு ஏறிப் போய்விட்டார்.

விடியும்போது ஏழாவது மலை. இறங்கும்போது வெறுங்காலோடு வந்த இரண்டு பேருக்குக் கல்துணுக்கு எடுத்தேன்.

மார்ச் 13

பில்லர் கேஜ் இலையில் துரு. வியர்வைக் கையோடு ராத்திரி முழுக்கப் பிடித்திருந்ததில் அடிப்பக்கம் பழுப்புப் புள்ளிகள் வந்துவிட்டன. நைஸ் உப்புத்தாளில் தேய்த்துத் தேங்காய் எண்ணெய் தடவினேன்.

கருவியை அம்மிச்சியிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். கண்ணாடி போட்டுக்கொண்டு நாலைந்து தடவை அழுத்தி அழுத்திப் பார்த்தார். "வாய் ரொம்ப அகலம் கண்ணு. இதை மூடறதுக்கே விரல் வலிக்குது, அப்புறம் கை நடுங்காம என்ன பண்ணும்?" என்றார். தன் முள்வாங்கியைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அளந்தேன். அவருடையது மூன்று மில்லி, என்னுடையது ஐந்து. நாளை சாயங்காலம் கணபதிக்குப் போகிறேன்.