இரட்டைச் சாவி

வங்கியின் பெட்டக அறையை ஒருவர் தனியாகத் திறக்க முடியாது. ஒரு சாவி தலைமைக் காசாளரிடம் இருக்கும், இன்னொன்று அதிகாரியிடம். இரண்டும் திரும்பினால்தான் அந்த இரும்புக் கதவு அசையும். 'ஜாயின்ட் கஸ்டடி' என்போம். காய்ச்சலில் படுப்பதென்றாலும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, சாவியை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் படுக்க வேண்டும். மூன்று ஆண்டுகள் ஒரு சாவி என்னிடமும் ஒரு சாவி அவனிடமும் இருந்தன. தினமும் காலையில் அந்தக் கதவின் முன் தோள் உரச நிற்போம். அந்த மூன்று ஆண்டுகளில் வேலை தவிர்த்து நாங்கள் பேசிய பேச்சையெல்லாம் சேர்த்தால் அரை மணி நேரம் தேறாது.

இத்தனைக்கும் 1985இல் ஒரே நாளில், கோவில்பட்டியில் ஒரு பொதுத்துறை வங்கிக் கிளையில் எழுத்தர்களாகச் சேர்ந்தவர்கள் நாங்கள். ஒரே அறையில் வாடகைக்கு இருந்தோம். சட்டை கூட மாற்றிப் போட்டுக்கொள்வோம். அவனுக்கு நான் 'ஏலே', எனக்கு அவன் 'ஏலே'.

அப்போது கம்ப்யூட்டர் கிடையாது. எல்லாம் லெட்ஜர்தான். சனிக்கிழமை அரை நாள்தான் வேலை என்றாலும், தீப்பெட்டி ஆபீஸ்காரர்கள் வாரக் கூலி கொடுக்கச் சில்லறை நோட்டுக் கேட்டு வந்து நிற்பார்கள். அந்த அரை நாள் இரண்டு நாளுக்குச் சமம். அரையாண்டுக் கணக்கு முடிக்கிற நாட்களில் வீட்டுக்கே போக முடியாது. ஒரு டிசம்பர் இரவு சேமிப்புக் கணக்கு லெட்ஜரில் 63 ரூபாய் இடித்தது. எல்லோரும் சோர்ந்துபோய் உட்கார்ந்திருக்க, இவன் மட்டும் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "ஏலே, ஒன்பதால வகுபடுதுலே" என்றான். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் யாரோ இலக்கத்தை முன்பின்னாக மாற்றி எழுதியிருக்க வாய்ப்புண்டு. பழைய கணக்கர்கள் சொல்லிக்கொடுத்த வித்தை அது. இருவரும் ஆளுக்குப் பாதி லெட்ஜராகப் புரட்டி, இரண்டு மணிக்குக் கண்டுபிடித்தோம். 81 என்பதை 18 என்று எழுதியிருந்தது நான்தான். அவன் அதை யாரிடமும் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டில் போய் டீ குடித்தோம்.

அதே காலத்தில் ஒருநாள் என் கேஷில் 500 ரூபாய் குறைந்தது. காசாளர் கையில் குறைந்தால் காசாளர்தான் கட்ட வேண்டும். அன்றைக்கு அது பெரிய தொகை. நான் வாய் திறப்பதற்குள் அவன் 250 ரூபாயை என் மேஜை டிராயரில் வைத்துவிட்டுப் போய்விட்டான். திருப்பிக் கொடுத்தபோது வாங்கிக்கொள்ளவில்லை.

1993இல் அவன் பதவி உயர்வுத் தேர்வு எழுதி அதிகாரியானான். நான் எழுதவில்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அதிகாரியானால் வெளி மாநிலம் போக வேண்டும் என்று எல்லோரிடமும் சொன்னேன். அது பாதி உண்மை. எழுதித் தோற்றுவிட்டால் அவன் முன்னால் எப்படி நிற்பது என்ற பயம் மீதிப் பாதி. அவனை ஒடிசாவில் ஒரு கிராமக் கிளையில் போட்டார்கள். முதலில் வாரம் ஒரு இன்லண்ட் லெட்டர் வந்தது, அப்புறம் மாதம் ஒன்று, அப்புறம் பொங்கல் வாழ்த்து. யார் எழுதுவதை முதலில் நிறுத்தியது என்று பின்னால் பல நாள் யோசித்திருக்கிறேன். நான்தான் என்று நினைக்கிறேன்.

2014இல் அவன் எங்கள் கிளைக்கே அதிகாரியாக வந்தான். நான் தலைமைக் காசாளர். அவன் வருகிறான் என்று மாற்றல் உத்தரவில் பார்த்த நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. திங்கட்கிழமை காலை அவன் உள்ளே நுழைந்தபோது 'வாலே' என்ற சொல் தொண்டை வரை வந்துவிட்டது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் நாலைந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் கைகூப்பி, "வணக்கம் சார், எப்படி இருக்கீங்க?" என்றான்.

நானும், "நல்லா இருக்கேன் சார்" என்றேன். அவ்வளவுதான். இருபத்தொன்பது வருஷத்து 'லே' அந்த இடத்திலேயே விழுந்துவிட்டது. குனிந்து எடுக்க இருவருக்குமே கூச்சம்.

(இதை எழுதும்போது அவன், இவன் என்றுதான் வருகிறது. ஆபீசில் வாய் தவறிக்கூட அப்படிச் சொன்னதில்லை.)

அடுத்த வருஷம் ஒருநாள் மாலை என் கேஷில் 4,000 ரூபாய் குறைந்தது. மூன்று முறை எண்ணியும் அதேதான். அவன் கேபினுக்குப் போய்ச் சொன்னேன். கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "இன்னைக்கே கட்டிருங்க சார். இல்லேன்னா ரிப்போர்ட் போடணும்" என்றான். ஏடிஎம்மில் எடுத்து வந்து கட்டினேன். பணம் போனது வலிக்கவில்லை. அந்த 250 ரூபாய் டிராயர் அவனுக்கு ஒரு நொடியாவது ஞாபகம் வந்திருக்குமா என்றுதான் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன்.

விதிப்படி அவன் சொன்னது சரிதான். அந்த நாற்காலியில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் திரையிலிருந்து கண்ணை எடுத்திருப்பேன். அந்த ஒரு விஷயத்தில் எனக்கு இன்றைக்கும் சமாதானம் ஆகவில்லை.

அதன்பின் மதியச் சாப்பாட்டை இடம் மாற்றிக்கொண்டேன். அதிகாரிகள் உட்காரும் மேஜையை விட்டு, பின்கட்டில் கிளார்க் பிள்ளைகளோடும் பியூனோடும் உட்கார்ந்தேன். கோபத்தில் போனதுதான். ஆனால் முப்பது வருஷமாக ஒருத்தனைப் பற்றியே நினைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவர்களை நான் பார்க்கவே இல்லை என்பது அங்கே போன பிறகுதான் உறைத்தது. மொத்தச் சேமிப்பையும் ஒரே கணக்கில் போட்டு வைக்காதீர்கள் என்று வாடிக்கையாளர்களுக்குச் சொல்கிற ஆள் நான். பியூன் தன் மகளின் படிப்புக் கவலையைச் சொல்வார். பிள்ளைகள் என்னைக் கிண்டல் செய்வார்கள். இதில் யாரும் அவன் இடத்துக்கு வரவில்லை. வர வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் சாப்பாடு இறங்கியது.

63 ரூபாய் வித்தியாசத்துக்கு ஒன்பது என்ற எண் இருந்தது. எங்களுக்குள் வந்த வித்தியாசத்தை எதால் வகுத்துப் பார்ப்பது என்றுதான் தெரியவில்லை. சண்டையா? இல்லை. துரோகமா? அதுவும் இல்லை. பதவி, தூரம், எழுதாத கடிதங்கள், நான் எழுதாத பரீட்சை எல்லாம் கலந்து கிடந்தது.

அப்புறம் 2016 நவம்பர் 8 வந்தது. இரவு எட்டு மணிக்கு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். ஒன்பதாம் தேதி மக்களுக்கு வங்கி கிடையாது. பத்தாம் தேதி காலை நாங்கள் போகும்போதே வரிசை தெருமுனையைத் தாண்டியிருந்தது. அடையாள அட்டை நகலோடு படிவம் கொடுத்தால் 4,000 ரூபாய் வரை மாற்றித் தரலாம். மற்றதைக் கணக்கில் கட்டவேண்டும். அந்தச் சனி, ஞாயிறும் வங்கி திறந்திருந்தது. அடுக்குப்பானையிலும் அரிசி மூட்டையிலும் இருந்த நோட்டெல்லாம் அந்தந்த வாசனையோடு கவுன்டருக்கு வந்தன. ஒரு பாட்டி மஞ்சள் துணியில் சுற்றிக் கொண்டுவந்த ஆயிரம் ரூபாய்த் தாள்களை எண்ணி முடித்தபோது என் விரலெல்லாம் மஞ்சள்.

இரவு பதினொன்றரை. எண்ணும் இயந்திரம் சூடாகி நின்றுவிட்டது. நூறு தாள் ஒரு பாக்கெட், பத்துப் பாக்கெட் ஒரு கட்டு. கையாலேயே எண்ணிக் கட்டி அடுக்கினோம். பெரிய நோட்டுகளை அதிகாரியும் ஒருமுறை எண்ணிப் பார்த்த பிறகுதான் கையெழுத்திட வேண்டும். அவன் எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, மற்ற மூன்று காசாளர்களின் கட்டுகளையும் பிரித்து, தாள் தாளாக எண்ணினான். எல்லாம் முடிய ஒரு மணியாகிவிட்டது. கடைசியாக என் கட்டுகள் இருந்தன. பாதிக்கு மேல் என்னுடையவைதான். அவன் அவற்றைக் கையால் தொட்டு, கட்டு எத்தனை என்று மட்டும் பார்த்தான். பேனாவை எடுத்தான். கையெழுத்துப் போட்டான்.

"எண்ணலையா சார்?" என்றேன்.

"நேரமாச்சு" என்றான்.

அதில் ஒரு கட்டில் ஒரு தாள் குறைந்தாலும் அவன் தலையும் சேர்ந்து உருளும். அது அவனுக்குத் தெரியாததல்ல. 4,000 ரூபாய்க்கு ரிப்போர்ட் போடணும் என்ற அதே ஆள். இருவரும் சாவியைத் திருப்பினோம். அவன் தன் ஸ்கூட்டரில் போனான், நான் என் ஸ்கூட்டரில் போனேன்.

மறுநாளும் சார்தான். 2017இல் அவனுக்கு மாற்றல் வந்தபோது பிரிவு உபசாரத்தில் நான் பேசவில்லை. சாவிப் பதிவேட்டில் ஒப்படைப்புக் கையெழுத்து மட்டும் போட்டோம்.

2023இல் இருவரும் ஓய்வு பெற்றோம். அவனும் கோவில்பட்டிக்கே வந்துவிட்டான். பென்ஷன்காரர்கள் ஒவ்வொரு நவம்பரிலும் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டும். இப்போது வீட்டிலிருந்தே செல்போனில் முகத்தைக் காட்டினால் முடிந்துவிடும். அவனுக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் நவம்பர் முதல் வாரம் ஒருவருக்கொருவர் போன் போட்டு, ஒரே நாளில் கிளைக்குப் போகிறோம். பெஞ்சில் உட்கார்ந்து சர்க்கரை அளவு, பேரப்பிள்ளை, மழை என்று பேசுகிறோம். நீங்க, வாங்கதான். பழைய 'லே' திரும்பவில்லை. நானும் அதை எதிர்பார்ப்பதை விட்டுவிட்டேன்.

போன நவம்பரில் கவுன்டரில் இருந்த பெண் எங்கள் இரண்டு படிவங்களையும் சேர்த்து வாங்கிக்கொண்டு, "போன வருஷமும் சேர்ந்துதான் வந்தீங்க. ஃப்ரெண்ட்ஸா சார்?" என்று கேட்டாள். நான் என்ன சொல்வதென்று தெரியாமல் அவனைப் பார்த்தேன்.

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னான்: "ஜாயின்ட் கஸ்டடிம்மா."