நாங்க என்ன கம்பெனியா?

வீட்டுமனை கேட்ட அந்த அம்மாவுக்கு, வி.ஏ.ஓ.வாக (கிராம நிர்வாக அலுவலராக) நான் சொன்ன பதில் சட்டப்படி சரிதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதே புறம்போக்கைக் கேட்ட கம்பெனி விஷயத்தில் நான் கொடுத்த அறிக்கையை இன்றைக்கு எழுதச் சொன்னாலும் ஒரு வரி மாற்றாமல் எழுதுவேன். அந்த அம்மா விஷயத்திலும் மாற்ற மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் அதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்குகிறது.

திருநெல்வேலி மாவட்டத்தில் நாங்குநேரி, ராதாபுரம் பக்கம் வி.ஏ.ஓ.வாக இருந்தவர்களுக்கு இடத்தை விளக்க வேண்டியதில்லை. உடைமரமும் பனையும் நிற்கும் செம்மண் மேடு, குறுக்கே ஓர் ஓடை, கிராம நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் மேய்க்கால் புறம்போக்கு, அதாவது ஆடுமாடு மேய விட்ட அரசு நிலம். மூன்று பக்கமும் பட்டா நிலங்களைப் புரோக்கர் வைத்தும் பவர் எழுதி வாங்கியும் ஒரு சோலார் கம்பெனி வளைத்து முடித்திருந்தது. நடுவில் இது ஒன்றுதான் பாக்கி. சந்தை மதிப்பைக் கட்டிவிடுகிறோம், வகைப்பாடு மாற்றி எங்களுக்கே கொடுத்துவிடுங்கள் என்று மேலே மனு போட்டார்கள். அது கலெக்டர் ஆபீஸ், ஆர்.டி.ஓ., தாசில்தார் என்று படிப்படியாக இறங்கி ஸ்தல அறிக்கைக்காக என்னிடம் வந்தது. வருகிற வழியில் யாரும் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ எழுதவில்லை. 'விதிகளுக்கு உட்பட்டு' என்று போட்டுக் கையெழுத்திட்டு இறக்கிவிட்டார்கள். முதல் ஆளாக வேண்டாம் என்று எழுதவேண்டியது கடைசிப் படியில் உட்கார்ந்திருக்கிறவன்.

அதே புல எண்ணில் இன்னொரு மனுவும் கிடந்தது. ஓடைக்குள் குடிசை போட்டிருக்கிற குடும்பங்கள், தாலுகாவில் வருஷா வருஷம் கணக்குப் பார்க்கும் ஜமாபந்தியில் கொடுத்தது. ஓடைப் புறம்போக்கில் பட்டா கிடையாது என்று ஏற்கெனவே பதில் போயிருந்ததால், ரோட்டை ஒட்டி மேய்க்காலின் ஓரத்தில் வீட்டுக்கு 3 சென்ட் கேட்டிருந்தார்கள். ஒரே புல எண், ஒரே ஸ்தலம். இரண்டையும் ஒரே அறிக்கையில் முடித்தேன். ஆட்சேபணைக்குரிய புறம்போக்கு, மேய்ச்சலுக்கும் குளத்து நீர்வரத்துக்கும் பயன்பாட்டில் உள்ளது, வகைப்பாடு மாற்றத்துக்குப் பரிந்துரைக்க இயலாது.

அந்த அம்மா ஆபீசுக்கு வந்தது அதற்கு அப்புறம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஐயா, கம்பெனிக்காரனுக்கு இல்லேன்னு எழுதுனீயளாமே. சந்தோஷம். எங்களுக்கும் இல்லேன்னு எதுக்கு எழுதுனீய? நாங்க என்ன கம்பெனியா?"

"உங்களுக்குன்னு ஓரத்துல ஒரு துண்டு குடுத்தா, அதையே காட்டி அவன் மிச்சத்தக் கேப்பாம்மா. சட்டம் எல்லாத்துக்கும் ஒண்ணுதான" என்றேன்.

கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். நிதானமாகத்தான் சொன்னார்: "ஒண்ணுதான் ஐயா. அவன் வக்கீல வச்சிருக்கான். நாங்க உங்களையில்லா வச்சிருக்கோம்."

தலையாரி சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன் என்றுதான் ஞாபகம். அந்த அம்மா சிரிக்கவில்லை.

இதற்கு எனக்குப் பதில் இல்லாமல் இல்லை. நிறையவே இருக்கிறது, அவர் போன பிறகு வரிசையாகத் தோன்றியது. ஒன்று, உட்பிரிவு. புறம்போக்காக இருக்கிறவரை பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு காவலுக்கு நிற்கும், எவன் பத்திரம் எழுதிக்கொண்டு போனாலும் சார்பதிவாளர் திருப்பி அனுப்ப முடியும். ஓரத்தில் ஒரு துண்டை அளந்து, உட்பிரிவு செய்து, வகைப்பாட்டை நத்தம் (குடியிருப்பு மனை) என்று மாற்றிவிட்டால் அந்தத் துண்டுக்கு அந்தக் காவல் போயிற்று. அதோடு, 'இந்தப் புல எண்ணில் ஏற்கெனவே வகைப்பாடு மாற்றம் அனுமதிக்கப்பட்டுள்ளது' என்று கம்பெனி வக்கீல் எழுதப்போகிற வாக்கியம் எனக்கு அப்போதே கண்ணில் தெரிந்தது. ரோட்டோரம் வேறு. உள்ளே போகிற வழியே அதுதான்.

இன்னொன்று, நான் பார்த்த பழைய கதை. 2006-இல் நிலமில்லாதவர்களுக்கு இரண்டு ஏக்கர் திட்டம் வந்தபோது தரிசைப் பிரித்துக் கொடுத்தார்கள். நல்ல திட்டம், அதில் பிழைத்துக்கொண்ட குடும்பங்களை எனக்குத் தெரியும். ஆனால் நான் பார்த்த ஒரு ஊரில் அந்தப் பட்டாக்களில் பாதி, கல்யாணச் செலவுக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் வெள்ளைப் பேப்பரில் கையெழுத்தாகி, காற்றாலைக்கு நிலம் பிடிக்கிறவர் பையில் இருந்தது. அரசு நிலத்தை ஒப்படைக்கும் நிபந்தனையில் விற்கக் கூடாது என்று இருக்கத்தான் செய்யும். நிபந்தனையை யார் படிக்கிறார்கள்?

சரி, ஆனால் இதை அந்த அம்மாவிடம் முகத்துக்கு நேரே சொல்ல முடியுமா? 'உங்களுக்குக் கொடுத்தால் விற்றுவிடுவீர்கள்' என்று? ஒருவேளை விற்பார், ஒருவேளை அதே மூன்று சென்டில் பேரன் காலம் வரை இருப்பார். பட்டா வைத்திருக்கிற மிராசுதார் கம்பெனிக்கு விற்றபோது, விற்றுவிடுவார் என்று சொல்லி யாரும் அவர் பட்டாவை நிறுத்தவில்லையே.

இடத்தைப் பார்க்கப் போனதை எழுதாவிட்டால் நான் ஏதோ காகிதத்தைக் கட்டிக்கொண்டு அழுத ஆள் மாதிரி தெரியும். சர்வேயரோடு போனோம். எல்லைக்கல் பாதி இல்லை, பிடுங்கி ஓடையில் போட்டிருந்தார்கள். கோடைக்காலம், புல் என்று ஒன்று கண்ணில் படவில்லை, கூட வந்த புரோக்கர் "முள்ளுக்காடு சார், எதுக்கு ஆகும்?" என்று அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். கொஞ்ச தூரத்தில் ஒருவர் தொரட்டியால் உடைமரக் கிளையை உலுக்கிக்கொண்டிருந்தார். காய்ந்த காயான நெத்து சடசடவென்று விழ, ஆடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறித் தின்றன. அவர் சொன்ன கணக்கை அப்படியே அறிக்கையில் எழுதியிருக்கிறேன். பிசான நெல் பருவத்தில் வயல் பூராவும் பயிர் நிற்கும், ஆடு கால் வைக்க முடியாது, அந்த மாதங்கள் முழுக்க இங்கேதான். அறுப்பு முடிந்தால் ராத்திரி ஆட்டை வயலில் அடைத்துக் கிடை போட்டு உரம் சேர்ப்பார்கள், கிடைக்கூலியும் கிடைக்கும். வயலில் அறுத்த தாள் தீர்ந்த பிறகு திரும்ப இங்கே நெத்துக்கு. நடுவில் இந்த நிலத்தை எடுத்துவிட்டால் பிசானத்தில் ஆட்டை எங்கே கொண்டுபோவது? விற்கத்தான் வேண்டும். விற்றால் வயலுக்குக் கிடை இல்லை. இதெல்லாம் மேட்டில் விழும் மழைவெள்ளத்தைக் கீழே இறக்கிவிடும் ஓடையைச் சேர்க்காமல். அந்த ஓடைதான் கீழே குளத்துக்கு வரத்து.

படிவத்தில் மரங்களின் எண்ணிக்கைக்கு ஒரு கலம் உண்டு. குளிர்காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்து தரையிலேயே அடையும் பூனைப்பருந்துக்கும், கவுதாரிக்கும், முயலுக்கும், ராத்திரி ஊளையிடுகிற நரிக்கும் கலம் இல்லை. 'இதர விவரங்கள்' என்ற இடத்தில் நுணுக்கி எழுதினேன். வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) அதைப் படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். பொதிகை மலையில் புலிக்காகக் களக்காடு முண்டந்துறை இருக்கிறது, வல்லநாட்டில் வெளிமானுக்குச் சரணாலயம் இருக்கிறது, கூந்தன்குளத்தில் பறவைகளை ஊரே பார்த்துக்கொள்கிறது. இந்த மாதிரிப் பொட்டலுக்கு அ-பதிவேட்டில் இருக்கிற அந்த ஒரு வரியைத் தவிர வேறு துணை கிடையாது.

ஆட்சேபணை கேட்டு ஏ1 நோட்டீஸ் ஒட்டித் தண்டோராவும் போட்டோம். ஒரு ஆட்சேபணைகூட வரவில்லை. தண்டோரா போட்டது பகல் பதினோரு மணிக்கு, ஆட்டுக்காரர்கள் ஊருக்குள் வருவது இருட்டிய பிறகு. அப்புறம் யார் ஆட்சேபிப்பது? ஆக, எழுத்தில் இருந்த ஒரே ஆட்சேபணை என்னுடையது. அதனால்தான் ஓட்டை விழாமல் எழுத வேண்டும் என்று அவ்வளவு பிடிவாதமாக இருந்தேன்.

2011 ஜனவரியில் உச்சநீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் கொடுத்த தீர்ப்பை அறிக்கையில் மேற்கோள் காட்டியிருந்தேன். பஞ்சாபில் ஒரு கிராமத்துக் குளத்தைத் தூர்த்து வீடு கட்டியவர்கள் வழக்கு அது. ஊர்ப் பொதுநிலத்தை ஆக்கிரமித்தவர்களை வெளியேற்றி ஊருக்கே மீட்டுக் கொடுக்க எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்று சொன்ன தீர்ப்பு. எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய பலம். அதிலேயே கடைசிப் பக்கம் ஒரு விதிவிலக்கும் இருக்கிறது. நிலமற்ற கூலிகளுக்கோ பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கோ அரசு அறிவிக்கையின்படி குத்தகை கொடுத்திருந்தாலோ, பள்ளிக்கூடம், மருந்தகம் மாதிரி ஏதாவது ஏற்கெனவே இருந்தாலோ மட்டும் முறைப்படுத்தலாம். அதை நான் மேற்கோள் காட்டவில்லை. காட்டவேண்டிய அவசியமும் இல்லை, இவர்களுக்கு அரசு எந்தக் குத்தகையும் கொடுக்கவில்லை, அதனால் விதிவிலக்கு பொருந்தாது. சட்டம் தெரிந்த யாரிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன். ஆனாலும் அந்தத் தீர்ப்பை எழுதியவர் யாரை நினைத்து அந்த வரியைச் சேர்த்தார் என்று யோசித்தால், எனக்கு எதிரே நின்றவரைத்தான் நினைத்திருப்பார் என்று படுகிறது.

2025 ஜூனில் அமெரிக்காவில் ஒரு கூத்து நடந்தது. மேற்கு மாநிலங்களில் 20 லட்சம் ஏக்கருக்கு மேல் அரசு வனத்தையும் பொட்டலையும் விற்க ஒரு செனட்டர் மசோதாவில் நுழைத்தார். சொன்ன காரணம், ஜனங்களுக்கு வீடு கட்ட இடம் வேண்டும் என்பது. வேட்டைக்குப் போகிறவர்கள், மீன் பிடிக்கிறவர்கள், அவர் கட்சிக்கே ஓட்டுப்போடுகிறவர்கள் எல்லாம் போட்ட சத்தத்தில் அந்த மாதக் கடைசிக்குள் அவரே திரும்பப் பெற்றுக்கொண்டார். படித்தபோது எனக்கு உள்ளூர ஒரு திருப்தி. பார், அங்கேயும் வீட்டைக் காட்டித்தான் நிலத்தைத் தொடுகிறார்கள், நான் அன்றைக்கு யோசித்தது சரிதான் என்று. அன்று ராத்திரிக்குள் அந்தத் திருப்தி கரைந்துவிட்டது. அங்கே வீடு ஒரு சாக்கு. இங்கே, மழை பெய்தால் தண்ணீர் புகுந்து பாத்திரம் மிதக்கிற குடிசை நிஜமாகவே ஓடைக்குள் இருக்கிறது, நான் போய்ப் பார்த்திருக்கிறேன்.

மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டப் பேச்சு எடுத்தால் எங்கள் ஆபீஸில் சண்டை வரும். சிங்கம்பட்டி ஜமீன் 1929-இல் 99 வருஷக் குத்தகைக்கு விட்ட 8,000 ஏக்கருக்கு மேற்பட்ட காடு, 2028-இல் கெடு முடிகிறது. காடு காட்டுக்கே திரும்பட்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை, குத்தகையை நீட்டிப்பதும் ஒரு வகையில் விற்பனைதான். ஆனால் கெடுவுக்கு முன்னாலேயே, 2024-இல், விருப்ப ஓய்வுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கீழே இறங்க வேண்டியிருந்தது தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்கள். இதைச் சொன்னால் 'அப்போ காடு வேண்டாமா?' என்பார்கள். வேண்டும். 'அப்போ அவங்க போகத்தானே வேணும்?' இந்த இடத்தில் நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

அந்தக் கோப்பு என்ன ஆயிற்று என்றால், கம்பெனி மனு நிராகரிக்கப்பட்டது. என் அறிக்கையாலா, மேலே வேறு கணக்கா என்று எனக்கு எப்படித் தெரியும்? அவர்கள் சும்மா இருக்கவில்லை. சுற்றி இருந்த பட்டா நிலத்திலேயே பேனல் போட்டு மூன்று பக்கமும் கம்பிவேலி அடித்துவிட்டார்கள். மேய்க்கால் அரசு நிலமாகவே இருக்கிறது, ஆடு மட்டும் ரோட்டைச் சுற்றி வந்து நுழைய வேண்டும். லாரி அடித்து ஆடு செத்த பஞ்சாயத்தெல்லாம் வந்தது. ஓடைக்கரைக் குடும்பங்கள் அங்கேயே இருக்கிறார்கள். பட்டா இல்லாததால் வீடு கட்டும் திட்டம் எதிலும் பெயர் ஏறாது. நான் காப்பாற்றினேன் என்று சொல்லிக்கொள்கிற நிலத்தில் அவர்கள்தான் விறகு பொறுக்குகிறார்கள், ஆளுக்கு ரெண்டு ஆடும் வைத்திருக்கிறார்கள். அப்படியென்றால் அவர்களுக்கும் சேர்த்துத்தான் காப்பாற்றியிருக்கிறேன், இல்லையா? இதையும் அந்த அம்மாவிடம் சொல்லிப் பார்க்கலாம்தான்.

இப்போது அங்கே இருக்கிற வி.ஏ.ஓ. சின்னப் பையன், நல்ல பையன். போன மாதம் போன் பண்ணினார். கம்பெனி திரும்ப மனு போட்டிருக்கிறதாம். 2023-இல் வந்த நில ஒருங்கிணைப்புச் சட்டத்தில் 100 ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டம் என்றால் நடுவில் வருகிற ஓடை, வாய்க்காலோடு சேர்த்தே அரசு நிலத்தை வாங்க வழி இருக்கிறது என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஓடைக்கரை மனுவும் புதிதாக வந்திருக்கிறது. "உங்க பழைய ரிப்போர்ட்டைப் பாத்தேன் சார். அப்படியே எழுதிறவா?" என்றார்.

"கம்பெனிக்கு அப்படியே எழுதுங்க தம்பி. ரெண்டையும் ஒண்ணாச் சேக்காதீங்க. வீட்டுமனையைத் தனிக் கோப்பாப் போட்டு, பக்கத்துல வேற தரிசு இருக்கான்னு பாத்து எழுதுங்க" என்றேன்.

"பாத்துட்டேன் சார். இருந்த தரிசெல்லாம் போன தடவையே பட்டாவாகி இப்போ வேலிக்குள்ள இருக்கு. இது ஒண்ணுதான் மிச்சம். தனிக் கோப்பாப் போட்டா, எந்தக் கோப்பு முதல்ல மேல போகும்னு உங்களுக்குத் தெரியாதா சார்?"

பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.