நூறு மார்க் வாங்குற பிள்ளைய பத்தி யாரும் கேக்க மாட்டாங்க

பெருமைக்கு சொல்றேன்னு நினைச்சுடுவாங்களோன்னு பயந்தே இத ஆறேழு வருஷமா நான் யார்கிட்டயும் முழுசா பேசுனதில்ல. பிள்ளைக்கு படிப்பு ஏறலன்னா அம்மா நாலு பேர்கிட்ட சொல்லி அழலாம், ஆளாளுக்கு ட்யூஷன் மிஸ் நம்பர் குடுப்பாங்க, வல்லாரை அரைச்சு குடுன்னு சொல்வாங்க. ஆனா படிப்பு ரொம்ப ஏறி, அதனாலயே பிள்ளை தினம் காலைல வயித்து வலின்னு அழுதுட்டு ஸ்கூலுக்கு போறான்னா அத எங்க போய் சொல்றது? எங்க அத்தை, "வெளில மூச்சு விடாத, கண்ணு பட்டுடும்"னு சொல்லிட்டு வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை சுத்திப் போட ஆரம்பிச்சுட்டாங்க. அவங்களுக்கு தெரிஞ்ச பாசம் அது.

பாப்பா மூணரை வயசுல கும்பகோணம் பஸ் ஸ்டாண்ட்ல நாச்சியார்கோவில், குடவாசல், வலங்கைமான்னு போர்ட படிச்சப்போ எங்களுக்கு சந்தோஷமாத்தான் இருந்துச்சு. யூகேஜி முடியுறப்போ ஒரு நாள் வந்து, "மூணுலேருந்து அஞ்ச கழிக்க முடியாதுன்னு மிஸ் சொல்றாங்க, ஆனா மகாமக குளத்துல தண்ணிக்கு கீழயும் படி இருக்குல்லம்மா, அது மாதிரி ஒண்ணுமில்லாததுக்கு கீழ ரெண்டு படி எறங்குனா என்ன?"ன்னு கேட்டா. நான் பி.காம், அவங்கப்பா ஜவுளிக் கடைல கணக்கு பாக்குறவரு, ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டோம்.

ரெண்டாங்கிளாஸ்ல தொல்லை ஆரம்பிச்சுது. ஸ்கூல் பேரு வேணாம். எல்லாரும் பத்து கணக்கு போடுற நேரத்துல இவ முடிச்சுட்டு பக்கத்து பிள்ளைகிட்ட பேசுவா, டெஸ்க்ல தாளம் போடுவா, கேள்வி மேல கேள்வி கேப்பா. டைரில "கவனக்குறைவு, வாய் அதிகம்"னு எழுதி வரும். சீக்கிரம் முடிச்சா அதே மாதிரி இன்னும் இருபது கணக்கு போடணும், அதையும் முடிச்சா வாய்ப்பாட்ட பத்து தடவை எழுதணும். வேகமா வேலை செஞ்சதுக்கு தண்டனைன்னு ஏழு வயசு பிள்ளைக்கு புரியாதா என்ன?

மூணாங்கிளாஸ் கணக்கு பேப்பர் ஒண்ண இப்பவும் பத்திரமா வச்சிருக்கேன். வெளிச்சத்துல புடிச்சு பாத்தா, சரியான விடைய எழுதி, அத ரப்பர் போட்டு அழிச்சு, மேல தப்பா எழுதியிருக்கா. ஒரு தடவை இல்ல, நாலு எடத்துல. ஏண்டா கண்ணுன்னு கேட்டதுக்கு, "எல்லாம் சரியா போட்டா மிஸ் என்னையே உதாரணம் காட்டுறாங்க, அப்புறம் யாரும் என்கூட டிபன் சாப்பிட வரமாட்டேங்குறாங்க"ன்னா. அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல. ஒரு குழந்தை தன் புத்திய மறைச்சாத்தான் ஒரு ஃப்ரெண்டு கிடைப்பான்னு கணக்கு போட்டிருக்கா, அந்த கணக்கும் அவளுக்கு சரியாத்தான் வந்திருக்கு.

ஆளாளுக்கு யோசனை சொன்னாங்க. இப்பவே நீட் கோச்சிங்ல போடு, ஐஏஎஸ் ஆக்கு, பிரக்ஞானந்தா அம்மா மாதிரி கூடவே போ. அந்த அம்மாவ நினைச்சா எனக்கு கையெடுத்து கும்பிடத் தோணும். குகேஷோட அப்பா ஈஎன்டி டாக்டர், பையன்கூட டோர்னமென்ட்டுக்கு அலையுறதுக்காக பிராக்டிஸையே விட்டவரு. ஆனா செஸ்ஸுக்கு சென்னைல க்ளப் இருக்கு, கோச் இருக்காங்க, ரேட்டிங் இருக்கு, பிள்ளை எந்தப் படியில நிக்குதுன்னு தெரியும். சும்மா எல்லாத்தையும் யோசிச்சுக்கிட்டே இருக்குற பிள்ளைக்கு எங்க படி இருக்கு? ஒருத்தங்க ஐக்யூ டெஸ்ட் எடுக்க சொன்னாங்க. கலிபோர்னியால 1921ல டெர்மன்ங்கிறவரு ஐக்யூ பாத்து ஆயிரத்து ஐந்நூறு பிள்ளைங்களுக்கு மேல பொறுக்கி எடுத்து வாழ்நாள் பூரா பின்தொடர்ந்தாரு, அதுல எடுபடாம போன ரெண்டு பசங்க, ஷாக்லியும் ஆல்வரெஸும், பின்னாடி ஃபிஸிக்ஸ்ல நோபல் வாங்குனாங்க. இத படிச்சப்புறம் டெஸ்ட் ஆசை எனக்கு விட்டுப்போச்சு. டபுள் ப்ரமோஷன் கேட்டோம், வயசு இடிக்குதுன்னுட்டாங்க. அது தப்புன்னு நான் சொல்ல வரல, சில பிள்ளைங்களுக்கு அதுதான் மருந்து. ஆனா எங்க பாப்பாவுக்கு பேச்சுதான் பன்னெண்டு வயசு, அழுகை அஞ்சு வயசு, பென்சில் தொலைஞ்சா சாயந்தரம் வரைக்கும் தேம்புவா. இந்த மாதிரி பிள்ளைங்க பலபேர் இப்படி ரெண்டு மூணு வயச ஒரே உடம்புல வச்சுக்கிட்டுத்தான் திரியுறாங்க, "இவ்ளோ புத்தி இருக்கு, இதுக்கு போயி அழுவுறியா"ன்னு நானே எத்தனையோ நாள் திட்டியிருக்கேன், அத நினைச்சா இப்பவும் மனசு வலிக்குது.

ஆறாங்கிளாஸுக்கு ஒரு அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளிக்கு மாத்துனோம். கிளாஸ்ல 52 பேர். ஃபேன் ரெண்டு. இங்கயா இவளுக்கு விடிவு வரும்னு நினைச்சேன், ஆனா இங்கதான் அந்த கணக்கு மிஸ் இருந்தாங்க.

முதல் மாசமே கூப்பிட்டு அனுப்புனாங்க. புகார்னு நினைச்சு பயந்து போனேன். "இவளுக்கு என்கிட்ட இருக்குற கணக்கு பத்தாதுங்க, அதனால ஒண்ணு குடுத்திருக்கேன், வீட்டுல சொல்லிக்குடுத்துடாதீங்க"ன்னாங்க. அந்த கணக்கு இதுதான்: 15 பொண்ணுங்க தினம் மூணு மூணு பேரா அஞ்சு வரிசையில ஸ்கூலுக்கு நடந்து போறாங்க, ஏழு நாளைக்கும் எந்த ரெண்டு பேரும் ஒரே வரிசையில ரெண்டாவது தடவை சேரக்கூடாது, எப்படி நிக்க வைப்ப? கர்க்மன்னு ஒரு இங்கிலாந்து பாதிரியார் 1850ல பத்திரிகைல போட்ட புதிராம்.

பாப்பா சிரிச்சுக்கிட்டே உக்காந்தா. ஒவ்வொருத்திக்கும் மத்தவங்க 14 பேரு, ஒரு நாளைக்கு ரெண்டு பேர்கூட நடந்தா ஏழு நாள்ல சரியா தீந்துடும்னு பத்து நிமிஷத்துல கண்டுபுடிச்சா. முடிஞ்சுதுன்னு நினைச்சா. அப்புறம் வரிசைய போட ஆரம்பிச்சா, மூணு நாள் வரைக்கும் வரும், நாலாவது நாள் முட்டும். அழிச்சு மறுபடி. புளியங்கொட்டைல ஒண்ணுலேருந்து பதினஞ்சு வரைக்கும் வெள்ளை பெயின்ட்ல நம்பர் எழுதி, தரையில பரப்பி வச்சுக்கிட்டு ஒரு வாரம். எட்டாம் நாள் கொட்டைய எல்லாம் வாரி எறிஞ்சுட்டு அழுதா பாருங்க, "எனக்கு புத்தி போயிடுச்சாம்மா?"ன்னு.

அப்பத்தான் எனக்கு உறைச்சுது, பிறந்ததுலேருந்து இந்த பிள்ளை ஒரு கணக்குலகூட தோத்ததில்ல. நாங்களும் புத்திசாலி புத்திசாலின்னே கொஞ்சியிருக்கோம். மியூலர், ட்வெக்னு ரெண்டு பேர் 1998ல அஞ்சாங்கிளாஸ் பிள்ளைங்கள வச்சு செஞ்ச ஆய்வு ஒண்ணு இருக்கு, நீ புத்திசாலின்னு பாராட்டுன பிள்ளைங்க கஷ்டமானது வந்ததும் துவண்டுட்டாங்க, நல்லா உழைச்சேன்னு பாராட்டுன பிள்ளைங்க விடாம மோதுனாங்க. என் வீட்டு தரையில அதுதான் நடந்துச்சு.

மறுநாள் மிஸ்கிட்ட போயி எனக்கு வரலன்னு சொல்லியிருக்கா. அவங்க சொன்ன பதில என் பொண்ணு வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னா: "எனக்கும் இன்னும் வரலடா, நானும் நாலாவது நாள்லதான் நிக்கிறேன், உன்னோடத காட்டு." அவங்க நினைச்சிருந்தா விடைய போன்ல தேடி எடுத்திருக்கலாம். எடுக்கல. மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல ரெண்டு பேரும் சேந்து உக்காந்தாங்க, வேடிக்கை பாக்க வந்த இன்னும் மூணு பொண்ணுங்களும் உக்காந்தாங்க, அந்த மூணு பேரும் இப்ப அவளோட ஃப்ரெண்ட்ஸ். மூணு வாரம் ஆச்சு ஏழு நாளும் வர. அன்னிக்கு சாயந்தரம் அவ பை மாட்டிக்கிட்டு ஓடி வந்தத நான் வாழ்நாள்ல மறக்க மாட்டேன்.

எங்க ஊர்லயே இதுக்கு ஒரு முன்கதை இருக்குன்னு அந்த மிஸ்தான் சொன்னாங்க. ராமானுஜன் டவுன் ஹைஸ்கூல்ல படிச்சப்போ, கணபதி சுப்பையர்னு சீனியர் கணக்கு வாத்தியார், ஆயிரத்து இருநூறு பசங்களுக்கும் முப்பத்தஞ்சு வாத்தியாருக்குமான டைம்டேபிள் போடுற வேலைய அந்த பையன்கிட்டதான் குடுத்தாராம். சும்மா இருக்குற பிள்ளைக்கு இன்னும் இருபது கணக்கு குடுக்கல, நெஜமான ஒரு வேலைய குடுத்தாரு. அதே ராமானுஜன் 1904ல கவர்ன்மென்ட் காலேஜ்ல ஸ்காலர்ஷிப்போட சேந்து, கணக்கு தவிர வேற எதுலயும் மனசு போகாம ஃபெயில் ஆகி அந்த ஸ்காலர்ஷிப்ப இழந்தாரு. ரெண்டுக்கும் நடுவுல ரொம்ப வருஷம் இல்ல. பையன் அதே பையன்தான். சாரங்கபாணி சன்னதி தெருவுல அவரு வாழ்ந்த வீட்டுக்கு பாப்பாவ கூட்டிட்டு போனேன், ஜன்னலோரமா கட்டில் போட்ட அந்த சின்ன ரூம்ல ரொம்ப நேரம் நின்னுட்டு இருந்தா.

மிஸ்ஸுக்கு இது லேசா நடந்த காரியம் இல்ல. ஒரு நாள் மனசு விட்டு பேசுனாங்க. மெல்லக் கற்கும் பிள்ளைங்களுக்கு ஸ்பெஷல் கிளாஸ் இருக்கு, தனி கையேடு இருக்கு, தேர்ச்சி சதவீதம் குறைஞ்சா மீட்டிங் இருக்கு, அதெல்லாம் வேணும்தான், வேணாம்னு சொல்லல. "ஆனா நூறு மார்க் வாங்குற பிள்ளைய பத்தி யாரும் என்கிட்ட கேள்வி கேக்க மாட்டாங்கம்மா. மீத்திறன் மாணவர்னு ரெஜிஸ்டர்ல எழுதுறோம், எழுதிட்டு அவள என்ன செய்யணும்னு எனக்கு யாரு சொல்லிக்குடுத்தாங்க?" 52 பேர் பேப்பர திருத்திட்டு, அதுக்கு மேல என் பொண்ணுக்காக புதிர் தேடுனவங்க அவங்க. நம்ம எல்லாரும் டீச்சர குறை சொல்றோம், அவங்களுக்கு கை குடுக்க யாரும் இல்ல.

தேடுறவங்களுக்கு எனக்கு தெரிஞ்சத சொல்லிடுறேன். அரசு, அரசு உதவி பெறும் பள்ளில எட்டாங்கிளாஸ் படிச்சா உதவித்தொகைக்கான என்எம்எம்எஸ் தேர்வு எழுத வைங்க, வீட்டு வருமானம் வருஷம் மூணரை லட்சத்துக்குள்ள இருக்கணும், ஒன்பதுலேருந்து பன்னெண்டு வரைக்கும் வருஷத்துக்கு 12,000 ரூபா வரும். கிராமத்து பள்ளின்னா ஒன்பதாவதுல ஊரகத் திறனாய்வுத் தேர்வு இருக்கு. ஸ்கூல்ல ஃபார்ம் குடுத்து மெடல் குடுக்குற தனியார் "ஒலிம்பியாட்" வேற, நெஜமான கணித ஒலிம்பியாட் வேற, அதுக்கு ஐஓக்யூஎம்னு முதல் தேர்வு, எட்டாவதுலேருந்தே எழுதலாம். அதுல கடைசி கட்டமான சர்வதேச போட்டில நாலரை மணி நேரத்துக்கு மூணே மூணு கணக்குதான், அப்படி ரெண்டு நாள். எங்க பாப்பாவுக்கு இத சொன்னப்போ, "மூணு கணக்குக்கு நாலரை மணி நேரம் விடுவாங்களா!"ன்னு கண்ணு விரிஞ்சுது. தேர்ச்சி ஆவாளா தெரியாது, எனக்கு அத பத்தி கவலையும் இல்ல.

போன வாரம் பேரன்ட்ஸ் மீட்டிங் முடிஞ்சு வெளில வரும்போது கைப்பிள்ளையோட ஒரு பொண்ணு என் பின்னாடியே வந்துச்சு. அதோட மூத்த பொண்ணு அதே ஸ்கூல்ல படிக்குது, பிரச்சனை ரெண்டாவது பையனாம், ஒண்ணாங்கிளாஸாம். "பெருமைக்கு சொல்றேன்னு நினைக்காதீங்கக்கா"ன்னு ஆரம்பிச்சுட்டு மேல பேச முடியாம நிறுத்திடுச்சு. ஞாயித்துக்கிழமை காலைல அவன கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வாம்மா, டிபன் இங்கயே சாப்பிட்டுக்கலாம்னு சொல்லியிருக்கேன். புளியங்கொட்டை டப்பாவ பாப்பா எடுத்து வச்சிருக்கா, எட்டாம் நம்பர மட்டும் காணோம், புதுசா ஒண்ணுக்கு பெயின்ட் அடிச்சு காய வச்சிருக்கா.