அந்தக் குட்டி லீவர் எங்கே?

பழைய கார் விற்கும் இடத்தில் ஒரு மஹிந்திரா தாரைச் சுற்றி நாலு பேர். டயரைத் தட்டினார்கள், பாட்டுப் போட்டார்கள். கியருக்குப் பக்கத்தில், நாலு சக்கரத்துக்கும் சக்தி கொடுக்கும் 4x4 லீவர் இல்லாததை யாரும் கவனிக்கவில்லை.

2023 முதல் புதிய தலைமுறை தார் 4x2-விலும், அதாவது பின் சக்கரம் இரண்டுக்கு மட்டும் சக்தி போகும் வகையிலும், வருகிறது ஐயா!

மாருதி ஜிம்னியோ தாரோ, மண் தரையில் நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, ஃபோர்-லோ (நாலு சக்கரமும் மெதுவாக, அதிக இழுவையோடு) போட்டு ஓட்டிப் பாருங்கள். சாதாரண ரோட்டில் வேண்டாம். வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் ஓடும். எஞ்சின் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் பூட்டியிருக்கும்போது அதை அனுமதிக்காது, முறுக்கிக்கொள்ளும்.

அப்புறம் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயிலையும், இடது வலது சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிஃபரன்ஷியலின் ஆயிலையும் பாருங்கள். பால் காபி நிறமென்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஆற்றில் இறங்கிய வண்டியாக இருக்கலாம்.

டொயோட்டா பேர் சும்மா வந்ததில்லை. ஆனால் ஆயிலே மாற்றாத டொயோட்டா ஃபார்ச்சூனரை விட, ஒழுங்கான சர்வீஸ் பில்லோடு வரும் தாரையே எடுப்பேன். லீவர் இருந்தால்!